எழுநூற்றுச் சொச்சம் பேர்

ஐரோப்பாவில் யானைகள் கடைசியாக நடமாடிய இடம் என்று தொல்லுயிர் ஆய்வாளர்கள் ஒரு தீவைக் காட்டுகிறார்கள். பெயர் தீலோஸ். ஏஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில், ரோட்ஸுக்கும் கோஸுக்கும் நடுவே, துருக்கிக் கரை கண்ணில் படும் தொலைவில் கிடக்கிறது. பரப்பளவு அறுபது சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுநூற்றுச் சொச்சம் பேர். விமான நிலையம் கிடையாது. சந்தோரினியிலும் மிக்கோனோஸிலும் கோடைதோறும் வந்திறங்கும் கூட்டத்தில் பலருக்கு இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கக்கூட வாய்ப்பில்லை.

ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலாவோஸ் சிமியோனிதிஸ் 1971இல் இந்தத் தீவின் ஹர்காதியோ குகையில் தோண்டியபோது ஆயிரக்கணக்கில் எலும்புகள் கிடைத்தன. யானை எலும்புகள்தான், ஆனால் அளவு பொருந்தவில்லை. கன்றுகளாக இருக்குமோ என்றால் பற்களும் மூட்டுகளும் முழு வளர்ச்சி அடைந்தவை. வளர்ந்து முடிந்த யானையே இவ்வளவுதான். ஐரோப்பியப் பெருநிலத்தில் உலாவிய நேர்கொம்பு யானையின் தோள் உயரம் நான்கு மீட்டரை நெருங்கும். அதன் வழிவந்த தீலோஸ் யானையோ பெரும்பாலும் நல்ல எருமைக்கடா உயரம். சிமியோனிதிஸுக்குப் பின் ஆய்வைத் தொடர்ந்த கெயோர்கியோஸ் தெயோதோரு தம் குழுவினரோடு சேர்ந்து 2007இல் இதற்குத் தனி இனப்பெயர் சூட்டினார். பலயோலொக்சோதோன் தீலியென்சிஸ் என்ற அந்தப் பெயரில் தீவின் பெயரும் இருக்கிறது. கிடைத்தவற்றில் இளைய எலும்புகளுக்குச் சொல்லப்படும் வயது சுமார் 4,000 ஆண்டுகள். அந்தக் காலக்கணிப்பை ஏற்கத் தயங்குவோரும் உண்டு. கணிப்பு சரியென்றால், எகிப்தில் பெரும் பிரமிடுகள் எழுந்து முடிந்த பிறகும் இங்கே குட்டை யானைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

யானை எப்படிக் கடல் தாண்டி வந்தது? நீந்தித்தான். பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தது, ஆசியா மைனருக்கும் தீவுக்கும் இடையே தண்ணீர் குறுகலாக இருந்தது. யானைக்கு அது பெரிய விஷயம் இல்லை. 2017 ஜூலையில் முல்லைத்தீவை அடுத்த கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து எட்டுக் கடல் மைல் தொலைவில், தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நீந்திய ஒரு யானையை இலங்கைக் கடற்படையினர் கயிறு கட்டி இழுத்துவந்து கரைசேர்த்தார்கள். அந்தமானில் மரம் இழுக்கக் கொண்டுபோன யானைகள் தீவுவிட்டுத் தீவு நீந்தியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தீலோஸுக்கு வந்தவை திரும்பிப் போகவில்லை என்பதுதான் வேறுபாடு.

திரும்பாததன் விளைவு அந்த எலும்புகள். தீவில் புல்லுக்கும் தழைக்கும் அளவு உண்டு. துரத்தப் புலியோ சிங்கமோ இல்லாத இடத்தில் பெரிய உடம்பு காப்பு ஆகாது, வெறும் செலவு. குறைவாகத் தின்று சீக்கிரம் பருவமடைந்து சீக்கிரம் ஈனுகிற சின்ன யானை பிழைக்கும், பெரியது பஞ்சத்தில் விழும். தலைமுறை தலைமுறையாக இந்தக் கழித்தல் நடக்கும். தீவுகளில் பெரிய விலங்குகள் சிறுப்பதையும் எலி போன்ற சிறியவை பெருப்பதையும் ஜே. பிரிஸ்டல் ஃபாஸ்டர் 1964இல் தொகுத்துக் காட்டினார். ‘தீவு விதி’ என்று அது பெயர் பெற்றுவிட்டது. மத்தியதரைக் கடல் முழுக்க இதற்குச் சான்று கிடக்கிறது. சிசிலியிலும் மால்டாவிலும் வாழ்ந்த ஒரு வகை யானை ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிட்டது. சைப்ரஸின் குள்ள யானையை 1902இல் தோண்டி எடுத்தவர் டோரதியா பேட் என்ற இளம்பெண். அந்தக் காலத்தில் ஒரு பெண் கோவேறு கழுதை ஏறி மலைக்குகைகளில் எலும்பு தேடினாள் என்பதே ஒரு தனிக் கதை.

வழிகாட்டிகள் விடாமல் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. யானை மண்டையோட்டின் நடுவில், தும்பிக்கை பொருந்தும் இடத்தில் ஒரு பெரிய துளை இருக்கும். யானையையே பார்த்திராத ஒரு பழங்கால மாலுமி அதைக் கண்டால் ஒற்றைக்கண் அரக்கன் என்றுதான் நினைப்பான், ஹோமரின் சைக்ளோப்ஸ் அப்படிப் பிறந்தவன் என்று ஆஸ்திரியரான ஓத்தேனியோ ஆபெல் 1914இல் எழுதினார். கேட்கச் சுவையாக இருக்கிறது. நிரூபிக்க வழியில்லை. தவிரவும், பழங்காலத்தார் சைக்ளோப்ஸின் வீடு என்று சொன்னது சிசிலியை. எலும்பு கிடைத்த தீவுகளெல்லாம் அந்த அரக்கனுக்கு உரிமை கொண்டாடினால் அவன் பாவம், எத்தனை இடத்தில்தான் குடியிருப்பான்.

தீவு விதி விலங்குகளுக்காகச் சொன்னது. ஆனால் அரசாங்கங்கள் அதை மனிதர்களுக்கும் சொல்லாமல் பொருத்திவைத்திருக்கின்றன. எழுநூறு பேர் இருக்கிற இடத்தில் வாக்கும் எழுநூறுதான், கோரிக்கையும் அந்த அளவில்தான் எடுபடும், வாழ்க்கையும் அதற்குத் தக்கபடி குறுகவேண்டும் என்பது தலைநகரத்துக் கணக்கு. தீலோஸைப் பற்றி எழுத ஏதாவது இருக்கிறது என்றால் அது இந்தக் கணக்கு அங்கே பொய்த்த விதம்தான். கடலின் நீலத்தைப் பற்றி எழுத வேறு நூறு தீவுகள் இருக்கின்றன.

*

ரோட்ஸிலிருந்து விரைவுப் படகில் சுமார் இரண்டு மணி நேரம். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் என்றால் அரை நாளுக்கு மேல். கப்பல் வரும் நேரம் தெரிந்தால் ஊரைப் பார்க்க அதுவே போதும். லிவாதியா துறையில் கப்பலின் பின்கதவு சங்கிலிச் சத்தத்தோடு இறங்கிக் கல்மேடையைத் தொடுவதற்குள், கீழே சிறு லாரிகளும் ஸ்கூட்டர்களும் கூடிவிடும். காய்கறிப் பெட்டி, மருந்து, வாஷிங் மெஷின், பள்ளிக்குப் புத்தகம், யாருடைய உறவினராவது ஒருவர். பத்து நிமிஷத்தில் எல்லாம் இறங்கி, போகவேண்டியது ஏறி, கதவு மேலே போய்விடும். கடற்காற்று வலுத்தால் கப்பல் வராது. வராவிட்டால் கடையில் தட்டு காலி. கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்தெமி காற்றுக்கும் குளிர்காலப் புயலுக்கும் தக்கபடிதான் இந்த மக்கள் நாளை என்ற பேச்சையே எடுப்பார்கள்.

ஊர் என்று சொல்ல இரண்டே. கடலோரம் லிவாதியா, தீவின் மறுபக்கம் மலைச்சரிவில் மெகாலோ ஹோரியோ. இரண்டுக்கும் இடையே ஒரு சாலை, அதில் ஒரு பேருந்து. சாலையோரச் சரிவுகளில் வெளிறிய மண்ணைக் கவனித்துப் பார்க்கவேண்டும். கையில் எடுத்தால் கனமே இருக்காது, நுரைக்கல். சுமார் 1,61,000 ஆண்டுகளுக்கு முன் கோஸ் பக்கம் வெடித்த பெரும் எரிமலை கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும் கடல் தாண்டி இங்கேயும் படிந்தன. அந்த மண் மழைநீரைப் பிடித்துவைக்கும். வறண்ட ஏஜியன் பாறைகளுக்கு நடுவே இந்தத் தீவில் படிக்கட்டு வயல்கள் கட்டி ஒரு காலத்தில் தானியம் விளைத்தார்கள் என்றால் அதற்கு அந்த வெடிப்புக்கும் ஒரு பங்கு உண்டு. இப்போது படிக்கட்டுகளில் ஆடுகள் நிற்கின்றன.

மூன்றாவது ஊர் ஒன்று இருந்தது. மிக்ரோ ஹோரியோ. லிவாதியாவுக்கு மேலே, கடலிலிருந்து பார்த்தால் தெரியாத மடிப்பில் கட்டியது. கடற்கொள்ளையருக்குப் பயந்து ஊரை மலைக்குள் ஒளித்துவைப்பது ஏஜியன் முழுக்க இருந்த பழக்கம். கொள்ளையர் பயம் தீர்ந்த பிறகு ஒளிந்திருப்பதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. தண்ணீர் கீழே, படகு கீழே, வேலை கீழே. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஒவ்வொரு குடும்பமாக இறங்கினார்கள். சிலர் லிவாதியாவில் நின்றார்கள், சிலர் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறினார்கள். 1960களோடு ஊர் காலி.

போனவர்கள் கூரை மரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மரம் அரிதான தீவில் ஓர் உத்தரம் என்பது சொத்து. அதனால் இன்று நிற்பவை வெறும் சுவர்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் அடுப்பு மாடம் இருக்கும், சுவரில் சாமான் வைக்கும் பிறை இருக்கும், வாசற்படிக் கல் காலடி பட்டுத் தேய்ந்து நடுவில் குழிந்திருக்கும். நடுவீட்டில் அத்திமரம் முளைத்துக் கூரை இருந்த இடத்தைத் தாண்டியிருக்கும். தேவாலயத்தை மட்டும் வெள்ளையடித்துக் காப்பாற்றி வருகிறார்கள். கோடை இரவுகளில் ஒரு பழைய வீட்டில் மதுக்கடை திறக்கிறார்கள். லிவாதியாவிலிருந்து வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், இடிந்த வீடுகளுக்குள் விளக்குப் போட்டுவைப்பார்கள், பாட்டும் ஆட்டமும் நள்ளிரவு தாண்டி நடக்கும். செத்த ஊரில் கூத்தா என்று முகம் சுளிக்கிற பயணிகள் உண்டு. சுளிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த ஊர்க்காரர்களின் பேரன் பேத்திகளும் ஆடுகிற இடம் அது. இடிபாட்டைக் கண்ணாடிப்பெட்டிக்குள் வைத்து மரியாதை செய்வதைவிட இது தேவலை.

வெளியே போவது இங்கே புதிதும் இல்லை. சிசிலியின் கெலா நகரத்தை நிறுவப் போனவர்களில் தீலோஸ்காரர் ஒருவர் இருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த வழியில் வந்த கெலோன் பின்னாளில் சிராக்யூஸை ஆண்டு, கி.மு. 480இல் ஹிமெராவில் கார்த்தேஜ் படையை முறியடித்தான். பழைய குறிப்புகள் இந்தத் தீவோடு சேர்த்துச் சொல்லும் இன்னொரு பெயர் கவிஞர் எரின்னா. பத்தொன்பது வயதில் இறந்துபோனவள் என்று மரபு சொல்கிறது. கல்யாணமான கையோடு செத்துப்போன தன் தோழி பௌகிஸை நினைத்து முந்நூறு அடிகளில் ஒரு கவிதை எழுதினாள். சாஃபோவுக்கு இணையாகப் பழங்காலத்தார் அவளை வைத்துப் பேசினார்கள். கவிதை தொலைந்துபோயிற்று. 1928இல் எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் கிழிசலில் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட வரிகள், அவையும் அரைகுறையாக, மீண்டன. சிறுமிகள் இருவரும் விளையாடியதும் அம்மாவுக்குப் பயந்ததும் அதில் வருகின்றன. எரின்னாவைத் தம்மவள் என்று சொல்லும் ஊர்கள் இன்னும் சில உண்டு. வழக்கு தீரப்போவதில்லை.

*

தாசோஸ் அலிஃபேரிஸ் மருத்துவர். பிறகு தீவின் மேயர் ஆனார். தீலோஸ் இன்று எதற்காகவெல்லாம் செய்தியில் அடிபடுகிறதோ அதற்கெல்லாம் வேர் அவர் காலத்தில் இருக்கிறது. 1990களிலேயே தீவில் வேட்டைக்குத் தடை வந்தது. கிரேக்கக் கிராமத்தில் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்வது சின்ன விஷயம் இல்லை, வேட்டை அங்கே ஆண்களின் குலதர்மம் மாதிரி. தடை நின்றது. போனெல்லிக் கழுகும் எலியோனோரா வல்லூறும் கூடு கட்டுகின்றன. எலியோனோரா வல்லூறின் வாழ்க்கைமுறை விசித்திரமானது. மற்றப் பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரிக்க, இது கோடை முடியும்வரை காத்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சின்னப் பறவைகள் களைத்துப்போய்க் கடல் கடக்கும் பருவத்தில், அவற்றைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டும். அந்த வேலை முடிந்ததும் மடகாஸ்கருக்குப் பறந்துபோகும். உலகத்திலுள்ள எலியோனோரா வல்லூறுகளில் பெரும்பகுதி கிரேக்கத் தீவுகளில்தான் பிறக்கின்றன.

2008 ஜூன் 3 அன்று அலிஃபேரிஸ் இரண்டு திருமணங்களை நடத்திவைத்தார். ஒன்று இரண்டு ஆண்களுக்கு, மற்றது இரண்டு பெண்களுக்கு. கிரேக்க நாட்டில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை. அவர் கையில் புதுச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. 1982இல் தேவாலயத்துக்கு வெளியே பதிவுத் திருமணத்தை அனுமதித்த பழைய சட்டம் இருந்தது. அதை எழுதியவர்கள் மணமக்களில் ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் இருக்கவேண்டும் என்று குறிப்பிட மறந்திருந்தார்கள், அல்லது குறிப்பிடத் தேவையில்லை என்று நினைத்திருந்தார்கள். தன்பால் ஈர்ப்பாளர் அமைப்பினர் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் கையெழுத்துப் போட ஒரு மேயர் வேண்டுமே. ஏதென்ஸிலும் தெசலோனிக்கியிலும் எத்தனையோ மேயர்கள் இருந்தும், போட்டவர் எழுநூறு பேர் ஊரின் மேயர்.

நீதி அமைச்சர் திருமணம் செல்லாது என்றார். தேவாலயம் கண்டித்தது. மேயர்மீது வழக்கு வந்தது. மறு ஆண்டு ரோட்ஸ் நீதிமன்றம் இரண்டு திருமணங்களையும் ரத்து செய்தது. சட்டப்படி பார்த்தால் தோல்விதான். அலிஃபேரிஸ் 2012இல் இறந்துபோனார். 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கிரேக்கத்துக்கு எதிராக ஒரு தீர்ப்புச் சொல்ல, 2015 டிசம்பரில் தன்பால் இணையர் சேர்ந்துவாழும் பதிவுக்கு நாடாளுமன்றம் வழிவிட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று, 300 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 176 வாக்குகளோடு, தன்பால் திருமணம் சட்டமாயிற்று. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவம் பெரும்பான்மையாக உள்ள நாடுகளில் இதைச் செய்த முதல் நாடு கிரேக்கம். தீலோஸில் கையெழுத்து விழுந்து பதினாறு வருஷம் ஆகப்போகிற நேரம் அது.

இதில் தீவின் சிறுமை எங்கே உதவியது? பெரிய நகரத்து மேயருக்குக் கட்சி இருக்கிறது, பேராயர் இருக்கிறார், அடுத்த பதவி இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒவ்வொருவருக்கும் பயந்து முடிவெடுக்கவேண்டும். சின்ன ஊரில் எதிர்ப்பவனும் காலையில் அதே காப்பிக்கடையில்தான் உட்காரவேண்டும், அவன் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பார்க்கிறவரும் இதே மேயராக இருந்தவர்தான். சண்டை போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போக அங்கே இடம் இல்லை. சின்ன ஊர்களின் நெருக்கம் மனிதர்களை நசுக்கும் என்பதும் உண்மைதான், ஏஜியன் நாவல்கள் பாதி அந்த நசுக்கலைப் பற்றியவை. தீலோஸில் அதே நெருக்கம் வேறு திசையில் வேலை செய்திருக்கிறது.

2015க்குப் பிறகு துருக்கிக் கரையிலிருந்து ரப்பர் படகுகளில் அகதிகள் வந்தபோதும் இதுவே நடந்தது. லெஸ்போஸிலும் சாமோஸிலும் முள்வேலி முகாம்கள் நிரம்பி வழிந்த காலம் அது. அலிஃபேரிஸுக்குப் பின் வந்த மேயர் மரியா கம்மா, தீவுக்குக் குடும்பங்களை அனுப்புங்கள், இருக்க வைத்துக்கொள்கிறோம் என்றார். ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு சிரியக் குடும்பங்கள் சில லிவாதியாவில் குடியமர்த்தப்பட்டன. குழந்தைகள் ஊர்ப் பள்ளிக்குப் போனார்கள், பெரியவர்கள் உணவகங்களிலும் விடுதிகளிலும் வேலைக்குப் போனார்கள். இதைப் புனிதக்கதையாக்கத் தேவையில்லை. சுற்றுலாப் பருவத்தில் ஆள் பற்றாக்குறை உள்ள தீவு அது, பள்ளிக்கூடம் மூடாமல் இருக்கக் குழந்தைகளும் வேண்டும். பலர் பிறகு ஜெர்மனி போன்ற இடங்களுக்கு நகர விரும்பினார்கள், அதிலும் தவறில்லை. ஆனால் கணக்கு பார்த்தே ஆனாலும், வந்தவரை வேலிக்குள் வைக்காமல் தெருவுக்குள் விட்ட ஊர் அது.

மின்சாரத்தின் கதை கொஞ்சம் தொழில்நுட்பமானது, ஆனாலும் சொல்லவேண்டும். தீலோஸுக்குக் கரண்ட் கோஸ் தீவிலிருந்து, நிசிரோஸ் வழியாகக் கடலடிக் கேபிளில் வந்துகொண்டிருந்தது. கோஸில் எண்ணெய் எரித்துத்தான் தயாரிப்பார்கள். கேபிளில் பழுது வந்தால் தீவு இருட்டில் கிடக்கும், அதுவும் ஆகஸ்டில், குளிர்சாதனப்பெட்டி நிறைய மீன் இருக்கும்போது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதியில், பிரேயஸிலிருந்த ஒரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. 800 கிலோவாட் திறனுள்ள ஒரே ஒரு காற்றாலை, 160 கிலோவாட் சூரியத்தகடுகள், இவை இரண்டும் தருவதைப் பிடித்துவைக்க இரண்டு மெகாவாட்-மணிக்கும் மேல் கொள்ளளவுள்ள பேட்டரிகள். பேட்டரி லித்தியம் வகை இல்லை. சோடியமும் நிக்கலும் சாதாரண உப்பும் கொண்டது. உள்ளே 250 டிகிரிக்கும் மேல் சூடாக உருகிய நிலையில் வேலை செய்யும், வெளியே தொட்டால் சுடாது. காற்று நள்ளிரவில் அடிக்கிறது, சுற்றுலாப் பயணி மாலையில் ஏசி போடுகிறான். நடுவிலுள்ள அந்த இடைவெளியைப் பேட்டரி நிரப்புகிறது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைத்த ஆற்றல் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

ஒரே காற்றாலை சுழன்றதற்கே ‘முழுத்தற்சார்பு பெற்ற தீவு’ என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியது மிகை. கேபிள் இன்னும் இருக்கிறது, தேவைப்படும்போது அதன் வழியாக வாங்குகிறார்கள், மிஞ்சும்போது அதே வழியில் கொடுக்கிறார்கள். பணமும் தீவினுடையது இல்லை. ஆனால் காற்றாலை வேண்டாம் என்று எத்தனையோ கிரேக்கத் தீவுகள் கொடிபிடித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே வீட்டுக்குள் மின்கணக்குக் கருவி மாட்டிக்கொள்ள ஆட்கள் தாமாக முன்வந்தார்கள். எந்த மலையில், என்ன அளவில், யாருக்காக என்பதைத் தாங்களே பேசி முடிவுசெய்ய முடிந்தது. ஒரு மலை முழுக்க ஐம்பது காற்றாலை நட வெளியூர் நிறுவனம் வந்திருந்தால் தீலோஸ்காரர்களும் கொடிபிடித்திருப்பார்கள்.

பிறகு குப்பை. தீவுகளுக்குக் குப்பை சுற்றுலாவைவிடப் பெரிய பிரச்சினை. எல்லாம் கப்பலில் வருகிறது, எதுவும் திரும்பிப் போவதில்லை. குழி தோண்டிப் போட்டு மூடுவார்கள், வெயிலில் நாறும், காற்றில் பிளாஸ்டிக் கடலுக்குப் பறக்கும். தீலோஸிலும் பெரும்பகுதி அப்படித்தான் குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. 2021 டிசம்பரில் பாலிகிரீன் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து ஊராட்சி ஒரு முடிவெடுத்தது. தெருவில் நின்ற குப்பைத்தொட்டிகள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டார்கள். வீட்டுக்கும் கடைக்கும் பைகள் கொடுத்தார்கள். மக்குவதற்கு ஒன்று, மறுசுழற்சிக்கு ஒன்று, இரண்டிலும் சேராததற்கு ஒன்று. வண்டி வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டு போகும். பிரிக்கும் நிலையத்தில் ஒவ்வொன்றையும் மறுபடி தரம்பிரித்து, மக்குவதை உரமாக்கி, மீதியைக் கப்பலேற்றுகிறார்கள். குழி மூடப்பட்டது.

சென்னையிலோ கொழும்பிலோ இதைச் செய்யமுடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி இல்லை. எழுநூறு பேர் உள்ள இடத்தில் பை யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். பிரிக்காமல் போட்டால் வாங்க வருபவர் சித்தப்பா மகனாக இருப்பார். வெட்கம் என்பது மலிவான நிர்வாக உபகரணம், பெரிய நகரங்களில் அது கிடைப்பதில்லை. ஒரு தெருவுக்கோ ஒரு அடுக்ககத்துக்கோ ஆகுமா என்று கேட்டால் பதில் வேறு.

*

இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமலும் தீலோஸுக்குப் போய்வரலாம். போகிற பெரும்பாலோர் நடக்கப் போகிறார்கள். கல்பாவிய பழைய கழுதைப்பாதைகள் மலைமுதுகில் ஓடுகின்றன. மனித நடமாட்டமில்லாத கூழாங்கல் கடற்கரைகளுக்கு நடந்துதான் இறங்கவேண்டும், நிழல் கிடையாது, தண்ணீர் கையில் இருக்கவேண்டும். எரிஸ்டோஸ் கடற்கரையில் கூடாரம் அடித்துக் கோடை முழுக்கக் கிடக்கும் கூட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலும் ஏதென்ஸ் இளைஞர்கள், கையில் காசு கொஞ்சம். யாரும் விரட்டுவதில்லை. வடமேற்கே பிளாக்கா கடற்கரையில் தைல மரத்தோப்புக்குள் மயில்கள் திரிகின்றன. மயில் எப்படி இங்கே என்று நம் ஆட்களுக்குத் திகைப்பாக இருக்கும். தெற்காசியப் பறவை, பாரசீகம் வழியாகக் கிரேக்கர் கைக்குப் போய் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது. பிளாக்கா மயில்கள் கொண்டுவந்து விடப்பட்டவைதான். குளிக்க வந்தவர்களின் பையைத் திறந்து ரொட்டி எடுக்கிற அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருக்கின்றன.

ஜூலை 25 முதல் 27 வரை புனித பந்தலேமோன் மடாலயத் திருவிழா. தீவின் மேற்கு முனையில், கடலுக்கு மேலே செங்குத்தான சரிவில், ஊற்றுத்தண்ணீரும் மரங்களும் சூழ்ந்த மடாலயம் அது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் அந்த மூன்று நாளைக் கணக்குப் பார்த்துத்தான் விடுப்பு எடுக்கிறார்கள். மடாலய முற்றத்தில் ஆட்டுக்கறி பெரிய கொப்பரைகளில் வேகும், வயலினும் லாவுதோ என்ற தந்திக்கருவியும் விடியும்வரை ஓயாது. திருவிழா முடிந்தபின் மெகாலோ ஹோரியோ தேவாலய முற்றத்தில் ஒரு ஆட்டம். ஆடுபவர் கையில் ஒரு கிண்ணம், சுற்றி நிற்பவர்கள் அதில் காசு போடவேண்டும். சேர்வது தேவாலயச் செலவுக்கு. அந்த நாட்களில் தீவில் படுக்க இடம் கிடைப்பது கஷ்டம்.

போகிறவர்கள் ஏப்ரல் கடைசியிலோ செப்டம்பரிலோ போவது நல்லது. ஆகஸ்ட் வேண்டாம், வெயிலும் தாங்காது, அறையும் கிடைக்காது. குளிர்காலத்தில் உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். திரும்பும் கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு நாளாவது இடைவெளி வையுங்கள், காற்று சொன்ன பேச்சைக் கேட்காது. ஹர்காதியோ குகைக்குள் இஷ்டத்துக்குப் போகமுடியாது, அது அகழாய்வுத் தளம். துறையில் இறங்கியதும் காலி தண்ணீர் பாட்டிலைப் போடத் தொட்டி தேடாதீர்கள், இல்லை. அறைக்குக் கொண்டுபோய் அதற்குரிய பையில் போடுங்கள், காலையில் வந்து எடுத்துக்கொள்வார்கள்.